சர்வரின் காதில் என்ன விழுகிறது?

(மென்பொருள் துறையினரும் கல்லூரி மாணவர்களும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



விடுமுறை நாள் மாலையில், அதுவும் டேட்டாபேஸ் பற்றிய பேச்சுக்கு, நாற்காலி போதாத அளவுக்குக் கூட்டம் வந்திருக்கிறது. உங்கள் அலுவலகங்களில் சர்வர்கள் என்ன பாடு படுகின்றன என்பது இதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

ஒரு அப்ளிகேஷன் இழுத்துக்கொண்டு நிற்கிறது. டெவலப்பரைக் கேட்டால், "இந்தப் பக்கத்துக்கு ஒரே ஒரு க்வெரிதான் சார் போகுது" என்கிறார். நெட்வொர்க் பிரிவில் கேட்டால் தங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார்கள். டிபிஏ தன் சிபியு வரைபடத்தைக் காட்டி, "சர்வர் சும்மாதானே உட்கார்ந்திருக்கு" என்கிறார். மூவருமே பொய் சொல்லவில்லை. அவரவருக்குத் தெரிந்ததைச் சொல்கிறார்கள். ஆனால் உண்மையில் என்னென்ன கட்டளைகள் வந்து சேர்ந்தன என்பதற்குக் கண்கண்ட சாட்சி அந்த டேட்டாபேஸ் சர்வர் மட்டும்தான். அதன் காதில் விழுவதை நாமும் கேட்க வழிகள் இருக்கின்றன. எதை எப்போது கேட்பது, கேட்பதற்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதுதான் இன்றைய பேச்சு.

ரெடிஸிலிருந்து தொடங்குகிறேன். ஏனென்றால் அதில்தான் இந்த ஒட்டுக்கேட்பு துளியும் மறைவில்லாமல் நடக்கிறது.

சிசிலியைச் சேர்ந்த சால்வதோரே சான்ஃபிலிப்போ, இணையதளங்களுக்கு யார் வருகிறார்கள், எந்தப் பக்கத்தைப் பார்க்கிறார்கள் என்று உடனுக்குடன் காட்டும் சேவை ஒன்றை நடத்திவந்தார். வந்து குவியும் பதிவுகளை மைஎஸ்கியூஎல்லில் எழுதி எடுப்பது அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. எல்லாவற்றையும் மெமரியிலேயே வைத்துக்கொள்ளும் சிறு சர்வர் ஒன்றைத் தானே எழுதினார். 2009-இல் வெளிவந்த ரெடிஸ் அதுதான். அடுத்தவர் நடமாட்டத்தைப் பார்க்கவே பிறந்த மென்பொருள் என்பதால்தானோ என்னவோ, தன்னிடம் யார் என்ன பேசுகிறார்கள் என்று காட்டும் கட்டளையும் 1.0 பதிப்பிலிருந்தே அதில் உண்டு. கட்டளையின் பெயர் மானிட்டர்.

ரெடிஸ்-சிஎல்ஐயைத் திறந்து மானிட்டர் என்று தட்டினால் போதும். அந்த நொடியிலிருந்து சர்வருக்கு வரும் கட்டளைகள், எந்த க்ளையன்ட் அனுப்பினாலும் சரி, உங்கள் திரையில் ஓட ஆரம்பிக்கும். திரையில் இருப்பதுபோலவே மூன்று வரிகளைப் படிக்கிறேன்:

1718256011.204518 [0 10.0.4.17:51922] "கெட்" "பொருள்:88213"
1718256011.205031 [0 10.0.4.17:51922] "கெட்" "பொருள்:88214"
1718256011.205560 [0 10.0.4.17:51922] "கெட்" "பொருள்:88220"

முதலில் இருப்பது நேரம். 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய நொடிகள், புள்ளிக்குப் பின் மைக்ரோநொடிகள். சதுர அடைப்புக்குள் இருக்கும் 0 டேட்டாபேஸின் எண். அதற்குப் பக்கத்தில் க்ளையன்டின் முகவரியும் போர்ட்டும். சர்வருக்குள் ஓடும் லூவா ஸ்கிரிப்ட் அனுப்பிய கட்டளையாக இருந்தால், முகவரிக்குப் பதில் லூவா என்றே வரும். கடைசியில் கட்டளையும் அதன் தரவும்.

இப்போது இந்த மூன்று வரிகளைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். போர்ட் எண் மூன்றிலும் 51922. அதாவது ஒரே கனெக்‌ஷன். இரண்டு வரிகளுக்கு நடுவே ஏறக்குறைய அரை மில்லிநொடி. ரெடிஸுக்கு ஒரு கெட் கட்டளையை முடிக்க அவ்வளவு நேரம் தேவையே இல்லை, சில மைக்ரோநொடிகள் போதும். மீதி நேரம் எங்கே போனது? பதில் வயரில் போய்ச் சேரவும், அதை வாங்கிக்கொண்டு அப்ளிகேஷன் அடுத்த கேள்வியை அனுப்பவும் ஆன நேரம் அது. ஒரு பக்கத்தில் 300 பொருள்கள் இருந்தால் 300 முறை இப்படிப் போய் வர வேண்டும்; அதுவே 150 மில்லிநொடி. அப்ளிகேஷன் ஒரு டேட்டா சென்டரிலும் ரெடிஸ் இன்னொன்றிலும் இருந்து, போய் வர 2 மில்லிநொடி ஆகிறது என்றால், 600 மில்லிநொடி. பட்டியல் எழுதி ஒரே தடவையில் வாங்கி வராமல், உப்புக்கு ஒரு நடை, புளிக்கு ஒரு நடை, மிளகாய்க்கு ஒரு நடை என்று மளிகைக் கடைக்கு அலைகிற கதை. கடைக்காரர் சுறுசுறுப்பானவர்தான். நடைதான் கொல்கிறது.

இந்த நோயை ஸ்லோ லாக் காட்டாது. இன்று நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். ரெடிஸின் ஸ்லோ லாக், மாற்றாமல் விட்டால், 10,000 மைக்ரோநொடிக்கு மேல் எடுத்த கட்டளையை மட்டும்தான் குறித்துக்கொள்ளும். அதுவும் சர்வருக்குள் கட்டளை ஓடிய நேரத்தை மட்டுமே அளக்கும். வயரில் போய் வந்த நேரம் கணக்கில் சேராது. கடைசி 128 பதிவுகளைத்தான் வைத்திருக்கும். ஆக, மேலே சொன்ன கதையில் ஸ்லோ லாக் வெறுமையாக இருக்கும். சிபியு படுத்திருக்கும். வாடிக்கையாளர் மட்டும் காத்துக்கொண்டிருப்பார். ஸ்லோ லாக் காலியாக இருப்பதைக் காட்டி 'டேட்டாபேஸில் பிரச்சினை இல்லை' என்று கடிதம் எழுதும் பழக்கம் நம் துறையில் ரொம்ப நாளாக இருக்கிறது. அந்தப் பழக்கத்தை நான் ஏற்பதில்லை. மெதுவான ஒரு கட்டளை எல்லோர் கண்ணிலும் படும். வேகமான ஆயிரம் கட்டளைகள், காது கொடுத்துக் கேட்டால்தான் தெரியும்.

இதையே மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் பக்கம் என் பிளஸ் ஒன் என்பார்கள். ஹைபர்நேட், ஜாங்கோ போன்றவற்றை வைத்து எழுதும்போது, டெவலப்பர் உண்மையிலேயே ஒரே ஒரு வரிதான் எழுதியிருப்பார். ஆர்டர்களின் பட்டியலை எடுக்க ஒரு க்வெரி. அதன்பின் லூப்புக்குள் ஒவ்வொரு ஆர்டரின் வாடிக்கையாளர் பெயரையும் தொடும்போது, அவருக்குத் தெரியாமல் ஆளுக்கொரு க்வெரி கிளம்பும். அதனால்தான் 'ஒரே க்வெரி' என்று அவர் சத்தியம் செய்கிறார். அவர் கண்ணுக்குத் தெரிவது அதுதான். விவாதத்தை நீட்டாமல், வரும் கட்டளைகளை எழுதிவைக்கும் ஜெனரல் லாகின் ஒரு பக்கத்தை எடுத்து அவர் முன் வையுங்கள். பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

மைஎஸ்கியூஎல்லின் ஜெனரல் லாக் வழக்கமாக அணைத்துத்தான் வைக்கப்பட்டிருக்கும். சர்வரை நிறுத்தாமலே, ஒரு செட் குளோபல் கட்டளையில் ஆன் செய்யலாம், ஆஃப் செய்யலாம். ஃபைலில் எழுதச் சொல்லலாம். இல்லாவிட்டால் டேபிளில் எழுதச் சொல்லலாம். ஒவ்வொரு பதிவிலும் நேரம், கனெக்‌ஷன் எண், என்ன நடந்தது, வந்த கட்டளை ஆகியவை இருக்கும். கனெக்‌ஷன் எண்தான் இழை. அதைப் பிடித்துக்கொண்டு படித்தால், ஒரு க்ளையன்டின் நடத்தை முழுதும் தெரிந்துவிடும். 42 கனெக்ட், 42 க்வெரி, 42 க்விட். 43 கனெக்ட், 43 க்வெரி, 43 க்விட் என்று ஓடினால், அந்த அப்ளிகேஷனுக்குக் கனெக்‌ஷன் பூல் இல்லை. அல்லது பூல் வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் 'செலக்ட் 1' என்று ஒரு வரி வந்தால், பூல் ஒவ்வொரு முறையும் 'உயிரோடு இருக்கிறாயா?' என்று சர்வரைக் கேட்டுவிட்டுத்தான் கனெக்‌ஷனைக் கொடுக்கிறது என்று பொருள். வேலை பாதி, விசாரிப்பு பாதியாகப் போய்க்கொண்டிருக்கும். எந்த வரைபடத்திலும் இது இவ்வளவு பச்சையாகத் தெரியாது.

ஜெனரல் லாகைப் படிக்கும்போது சில நுணுக்கங்கள் தெரிந்திருக்க வேண்டும். கட்டளை வந்து சேர்ந்த வரிசையில்தான் அதில் எழுதப்படும். முடிந்த வரிசையில் அல்ல. பைனரி லாகில் கட்டளை முடிந்த பிறகுதான் பதிவு விழும், அதுவும் தரவை மாற்றியவை மட்டும். இந்த வித்தியாசம் ஒரு சமயத்தில் உயிரைக் காக்கும்: சர்வர் திடீரென்று விழுந்துவிட்டது என்றால், விழுவதற்கு முன் காதில் விழுந்த கடைசிக் கட்டளைகள் ஜெனரல் லாகில் இருக்கும். பைனரி லாகில் இருக்காது.

இன்னொன்று, இலக்கணப் பிழையுள்ள எஸ்கியூஎல் ஜெனரல் லாகில் வராது. கட்டளையில் பாஸ்வேர்டு இருந்தால் அதை மறைத்துத்தான் மைஎஸ்கியூஎல் எழுதும். பிரித்துப் படிக்கவே முடியாத கட்டளையில் பாஸ்வேர்டு எங்கே இருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? ஆகவே எழுதாமலே விட்டுவிடும். பிழையான க்வெரியைத் தேடிக்கொண்டு லாகைப் புரட்டுகிறவர் விடியும்வரை புரட்டலாம். போஸ்ட்கிரெஸிலும் எல்லாவற்றையும் எழுது என்று சொல்லும் அமைப்பு, பிரித்துப் படித்து முடித்தபின்தான் பதிவு செய்யும். ஆனால் அங்கே, பிழை வந்த கட்டளையைப் பிழைச் செய்தியோடு சேர்த்து எழுதும் வேறொரு அமைப்பு வழக்கமாகவே இயங்கிக்கொண்டிருக்கும். இந்த ஒரு விஷயத்தில் போஸ்ட்கிரெஸுக்கு ஒரு மார்க் கூடுதலாகப் போடுவேன்.

அப்புறம், நேரம். மைஎஸ்கியூஎல் 5.7 முதல் லாக் ஃபைலில் விழும் நேரம், நாம் மாற்றாதவரை, யுடிசி. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். காலை 11 மணிக்கு வந்த பிரச்சினையை லாகில் 5.30 மணிக்குத் தேட வேண்டும். சிரிக்கிறீர்கள். சிரிப்பவர்களில் பாதிப் பேர் தேடியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

ஜெனரல் லாகில் இல்லாத பெரிய விஷயம், எவ்வளவு நேரம் ஆனது என்பது. அதற்கு மைஎஸ்கியூஎல்லின் ஸ்லோ லாகைத்தான் பயன்படுத்த வேண்டும். அதன் வரம்பு, தொடாமல் விட்டால், 10 நொடி. இணையப் பக்கம் ஒன்றுக்குப் பின்னால் 10 நொடி ஓடும் க்வெரியைக் கண்டுபிடிக்க லாக் எதற்கு? வாடிக்கையாளரே போன் செய்து சொல்லிவிடுவார். வரம்பை 0 ஆக்கினால் எல்லாக் கட்டளைகளும் நேரத்தோடு பதிவாகும். சில நிமிடங்களுக்கு அப்படிச் செய்வதைத்தான் நான் விரும்புவேன். ஆனால் ஒரு பொறி இருக்கிறது. இந்த வரம்பைக் குளோபலாக மாற்றினால், அதன்பின் புதிதாக வரும் கனெக்‌ஷன்களுக்குத்தான் அது பொருந்தும். பூலில் காலையிலிருந்து திறந்து கிடக்கும் கனெக்‌ஷன்கள் பழைய வரம்பிலேயே ஓடும். நீங்கள் 0 வைத்துவிட்டு, லாகில் ஒன்றும் வரவில்லையே, எல்லாம் சுகம்தான் என்று நினைத்துவிடக் கூடாது.

போஸ்ட்கிரெஸ் இந்த இடத்தில் முதிர்ச்சியானது. இவ்வளவு மில்லிநொடிக்கு மேல் ஆனவற்றை எழுது என்பது வெகு காலமாக உண்டு. 13-ஆம் பதிப்பில், குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் ஆனவற்றில் இத்தனை சதவீதத்தை மட்டும் மாதிரிக்கு எழுது என்று சொல்லும் வசதி வந்தது. கூட்டம் மிகுந்த சர்வரில் எல்லாவற்றையும் எழுதாமல் நூற்றில் ஒன்றை எழுதினாலே நோய் தெரிந்துவிடும்.

சில சமயம், வந்த கட்டளையைவிட வராத கட்டளைதான் பிரச்சினை. ஒரு க்ளையன்ட் 'பிகின்' என்று ட்ரான்ஸாக்‌ஷனைத் திறக்கிறது. ஒரு வரியை அப்டேட் செய்கிறது. பிறகு எங்கோ ஒரு வெளிச் சேவையைக் கூப்பிட்டுவிட்டு அதன் பதிலுக்குக் காத்திருக்கிறது. கமிட் வரவே இல்லை. பூட்டு அப்படியே கிடக்கிறது. பின்னால் வந்தவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். பழைய வரிகளை வாக்யூம் அப்புறப்படுத்தவும் முடிவதில்லை. லாகில் எத்தனை தேடினாலும் இங்கே ஒன்றும் கிடைக்காது, ஏனென்றால் நடந்தது மௌனம். போஸ்ட்கிரெஸின் பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி என்ற வியூவைப் பார்த்தால் 'ஐடில் இன் ட்ரான்ஸாக்‌ஷன்' என்ற நிலையில் அந்தக் கனெக்‌ஷன் உட்கார்ந்திருப்பது தெரியும். கடைசியாக என்ன கட்டளை அனுப்பியது, எப்போது அனுப்பியது என்பதும் தெரியும். இப்படி உட்கார்ந்திருப்பவர்களைத் தானாகவே வெளியேற்றும் கால வரம்பு 9.6 பதிப்பிலிருந்து இருக்கிறது. வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இவ்வளவு நல்லதென்றால் எப்போதும் கேட்டுக்கொண்டே இருக்கலாமே என்று மாணவர்கள் நினைக்கலாம். விலையைச் சொல்கிறேன்.

ரெடிஸின் ஆவணத்திலேயே ஒரு சோதனை கொடுத்திருக்கிறார்கள். மானிட்டர் இல்லாதபோது நொடிக்கு 1 லட்சத்துக்கு மேல் பிங் தாங்கிய சர்வர், ஒரே ஒரு மானிட்டர் க்ளையன்ட் சேர்ந்ததும் 58 ஆயிரம் சொச்சத்துக்கு இறங்கியது. சில சமயம் வேகம் பாதிக்கும் கீழே போகலாம் என்று அவர்களே எச்சரிக்கிறார்கள். காரணம் எளிது. ரெடிஸ் கட்டளைகளை ஒரே த்ரெட்டில் வரிசையாக முடிக்கிறது. ஒவ்வொரு கட்டளையையும் படிக்கத் தக்க வரியாக மாற்றி, கேட்டுக்கொண்டிருக்கும் க்ளையன்டுக்கு ஒரு பிரதி எடுத்து வைக்கும் வேலையும் அதே த்ரெட்டின் தலையில்தான் விழுகிறது.

இதைவிட மோசம் பின்னால் வருகிறது. வீட்டிலிருந்து விபிஎன் வழியாக, மந்தமான இணைப்பில் ஒருவர் மானிட்டர் போட்டிருக்கிறார் என்று வையுங்கள். சர்வர் கொடுக்கும் வேகத்தில் அவரால் வாங்க முடியாது. வாங்காததையெல்லாம் சர்வர் அவருக்கான அவுட்புட் பஃபரில் சேர்த்துக்கொண்டே போகும். சாதாரண க்ளையன்டுகளுக்கு அந்தப் பஃபரின் வரம்பு 0. இங்கே 0 என்றால் வரம்பே கிடையாது. மெமரி ஊதிப் பெருகும். மெமரிக்கு மேல்வரம்பு வைத்து, நிரம்பினால் பழைய கீகளைக் கழித்துவிடு என்று சொல்லியிருந்தால், உண்மையான தரவு வெளியே தள்ளப்படும். பிரச்சினையைக் கண்டுபிடிக்க வந்தவரே பிரச்சினையாகிவிடுவார். ரெடிஸின் மெமரி காரணமில்லாமல் ஏறினால், முதலில் க்ளையன்ட் லிஸ்ட் கட்டளையைக் கொடுத்து, ஃப்ளாக்ஸ் பகுதியில் பெரிய 'ஓ' எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். அது மானிட்டர் க்ளையன்டின் அடையாளம். அதே வரியில் ஓமெம் என்ற எண், அந்த ஆளுக்காக எவ்வளவு மெமரி தேங்கியிருக்கிறது என்று காட்டும். க்ளையன்ட் கில் கொடுத்து வெளியேற்றுங்கள். அவரிடம் விளக்கம் கேட்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

மைஎஸ்கியூஎல் பக்கம் விலையை டிஸ்க் கொடுக்கிறது. ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் யாரோ ஒருவர் ஜெனரல் லாகை ஆன் செய்து, பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு, ஊருக்குப் பேருந்து பிடிக்கப் போய்விட்டார். ஞாயிறு இரவு டிஸ்க் நிறைந்து எழுதும் வேலைகள் எல்லாம் அப்படியே நின்றன. பணியில் இருந்தவர் பெரிய ஃபைலைக் கண்டுபிடித்து ஆர்எம் கொடுத்து நீக்கினார். ஃபைல் மறைந்தது, இடம் மட்டும் திரும்பவில்லை. லினக்ஸில், ஒரு புரோகிராம் திறந்து வைத்திருக்கும் ஃபைலை நீக்கினால் பெயர்தான் போகும். அந்தப் புரோகிராம் மூடும்வரை இடம் விடுபடாது. லாகை ஆஃப் செய்தோ, ஃப்ளஷ் லாக்ஸ் கொடுத்தோ மைஎஸ்கியூஎல் அதைக் கைவிடச் செய்ய வேண்டும். அது தெரியாமல் அன்றிரவு சர்வரையே ரீஸ்டார்ட் செய்தார்கள். பெரிய பஃபர் பூல், சூடேறக் காலை வரை ஆனது.

அடுத்து நான் சொல்லப்போவதைப் பலர் விலையாகவே எண்ணுவதில்லை. மானிட்டரைப் போட்டுவிட்டு ஐந்து நிமிடம் திரையைப் பாருங்கள். எதிரே ஓடுவது வெறும் கட்டளைகளா? நம் ஊர் அப்ளிகேஷன்களில் ஓடிபியை ரெடிஸில் வைப்பது சகஜம். செல்போன் எண்ணும் பக்கத்திலேயே ஆறு இலக்க ஓடிபியும் ஓடும். செஷன் டோக்கன் ஓடும். அதைக் காப்பி செய்தால் அந்த மனிதராகவே உள்ளே நுழைந்துவிடலாம். 6.0 பதிப்பிலிருந்து ரெடிஸ் தன் ஆத் கட்டளையை மானிட்டரில் காட்டுவதில்லை. ஆனால் அது சர்வரின் பாஸ்வேர்டை மட்டும்தான் மறைக்கிறது. வாடிக்கையாளரின் ரகசியத்தை மறைக்க அதற்குத் தெரியாது. மைஎஸ்கியூஎல் ஜெனரல் லாகிலும், ப்ரிப்பேர் வரியில் கேள்விக்குறிகள் இருந்தாலும், எக்ஸிக்யூட் வரியில் மதிப்புகள் முழுசாக நிரப்பப்பட்டு வந்துவிடும்.

2018 மே மாதம் ட்விட்டர் தன் பயனர்கள் 33 கோடிப் பேரையும் பாஸ்வேர்டை மாற்றச் சொன்னது நினைவிருக்கும். யாரும் உள்ளே புகுந்து திருடவில்லை. பாஸ்வேர்டுகளை உருமாற்றிச் சேமிப்பதற்கு முன்பே, ஒரு பிழையால் அவை உள் லாக் ஒன்றில் அப்படியே எழுதப்பட்டிருந்தன. டேட்டாபேஸை எட்டுப் பூட்டு போட்டு வைப்போம். அதிலிருந்து எடுத்த லாகை ஜிப் செய்து வாட்ஸ்அப் குழுவில் போடுவோம். இந்தியாவில் 2023-இல் வந்த மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாப்பு ஏற்பாடுகளில் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. லாக் ஃபைலும் தரவுதான்.

நல்ல செய்தி ஒன்றும் இருக்கிறது. பெரும்பாலான சிக்கல்களைத் தீர்க்க, கட்டளைகளுக்குள் வரும் இந்த மதிப்புகள் நமக்குத் தேவையே இல்லை. போஸ்ட்கிரெஸில் பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ் என்ற எக்ஸ்டென்ஷன், ஒரே வடிவமுள்ள க்வெரிகளை ஒன்றாகச் சேர்த்து, மதிப்புகளின் இடத்தில் டாலர் குறியும் எண்ணும் போட்டு, எத்தனை முறை வந்தது, மொத்தம் எவ்வளவு நேரம் ஆனது என்று கணக்கு வைத்திருக்கும். மைஎஸ்கியூஎல்லில் பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமாவின் டைஜஸ்ட் டேபிள் அதே வேலையைச் செய்கிறது. ரெடிஸில் இன்ஃபோ கமாண்ட்ஸ்டாட்ஸ், எந்தக் கட்டளை எத்தனை தடவை, சராசரி எவ்வளவு நேரம் என்று சொல்லும். நம் என் பிளஸ் ஒன் நோய், சராசரி நேரத்தில் ஒன்றுமில்லாததாகவும் எண்ணிக்கையில் மலையாகவும் இங்கேயே தலைகாட்டிவிடும். ஆகவே நான் எப்போதும் கணக்கைத்தான் முதலில் கேட்பேன். பிறகு ஸ்லோ லாக். அதிலும் பிடிபடாவிட்டால் மாதிரிப் பதிவு. எல்லாவற்றையும் ஒட்டுக்கேட்பது கடைசியில், கையில் கடிகாரத்தோடு. ஒரு எச்சரிக்கை: பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸைச் சேர்க்க போஸ்ட்கிரெஸை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். பிரச்சினை வந்த பிறகு அது நடக்காது. நல்ல நாளிலேயே சேர்த்து வையுங்கள்.

சர்வரைத் தொடாமல் நெட்வொர்க்கிலேயே கேட்கும் வழியும் உண்டு. டிசிபிடம்ப்பில் 3306 போர்ட்டைப் பிடித்து, பெர்கோனாவின் க்வெரி டைஜஸ்ட் கருவிக்குக் கொடுத்தால் அழகாகப் பிரித்துத் தரும். ஒரு காலத்தில் இது எனக்குப் பிடித்த வழி. இப்போது கனெக்‌ஷன்கள் எல்லாம் டிஎல்எஸ்ஸில் போவதால் வயரில் கேட்பது இரைச்சல்தான். அது நல்லதே. எஸ்கியூஎல் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: புரொஃபைலரை மைக்ரோசாஃப்ட் 2012 பதிப்பிலேயே கைவிடப்போவதாக அறிவித்துவிட்டது. புரொடக்‌ஷனில் இன்னும் அந்த ஜன்னலைத் திறந்து வைத்திருக்காதீர்கள். எக்ஸ்டெண்டட் ஈவென்ட்ஸ் பக்கம் வாருங்கள்.

கடைசியாக 'யார்' என்ற கேள்வி. என்ன கட்டளை வந்தது என்று கண்டுபிடிப்பதில் நாம் கெட்டிக்காரர்கள். யார் அனுப்பியது என்பதில் கோட்டை விடுகிறோம். நடுவே பிஜிபவுன்சரோ ப்ராக்ஸிஎஸ்கியூஎல்லோ இருந்தால், சர்வருக்குத் தெரிவது அந்தப் ப்ராக்ஸியின் முகவரி மட்டும். இருபது சேவைகள் பேசினாலும் ஒரே ஆள் பேசுவதுபோல இருக்கும். எல்லாச் சேவையும் 'ஆப்' என்ற ஒரே யூசர் பெயரில் நுழைந்தால் அதோடு சரி. ரெடிஸிலும் இதே கதைதான். மானிட்டரில் 'கீஸ் *' என்ற கட்டளை ஓடுவதைப் பார்க்கிறீர்கள். லட்சக்கணக்கான கீகள் உள்ள சர்வரில் அது முடியும்வரை வேறு யாருக்கும் பதில் கிடையாது. அதற்குப் பதில் ஸ்கேன் என்ற கட்டளை 2.8 பதிப்பிலேயே வந்துவிட்டது. ஆனால் அதைப் போய் யாரிடம் சொல்வது? அனுப்பியவர் யாரென்றே தெரியாதே!

வழி எளிது. ரெடிஸில் கனெக்‌ஷன் திறந்ததும் க்ளையன்ட் செட்நேம் என்று தன் பெயரைச் சொல்லலாம். போஸ்ட்கிரெஸில் அப்ளிகேஷன் நேம் என்றே ஒரு அமைப்பு இருக்கிறது. எஸ்கியூஎல்லில் கட்டளையோடு ஒரு கமென்ட் சேர்த்து, எந்தச் சேவை, எந்தப் பக்கம், கோடில் எந்த இடம் என்று எழுதி அனுப்பலாம். 37சிக்னல்ஸ் நிறுவனம் மார்ஜினாலியா என்ற பெயரில் ரூபி ஆன் ரெயில்ஸுக்கு இதைச் செய்து கொடுத்தது. ரெயில்ஸ் 7-இல் அந்த வசதி உள்ளேயே வந்துவிட்டது. இப்படிப் பெயர் எழுதி அனுப்பும் அப்ளிகேஷனில், ஜெனரல் லாகின் ஒரு வரி அது பிறந்த கோடின் வரியையே காட்டிக் கொடுத்துவிடும். ஒரு நாள் வேலை. இதைச் செய்யாமல் விலை உயர்ந்த கண்காணிப்புக் கருவிகளை வாங்குவது எனக்குப் புரியாத செலவு.

நாளை காலை அலுவலகம் போனதும் மூன்று காரியங்களைச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் மைஎஸ்கியூஎல் சர்வர்களில் ஜெனரல் லாக் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ரெடிஸில் க்ளையன்ட் லிஸ்ட் கொடுத்து 'ஓ' ஃப்ளாக் உள்ள ஆள் யாராவது உட்கார்ந்திருக்கிறாரா என்று பாருங்கள். பழைய லாக் ஃபைல்கள் யார் யார் லேப்டாப்பில் கிடக்கின்றன என்று கேட்டு அழித்துவிடச் சொல்லுங்கள். கேள்விகள் இருந்தால் கேட்கலாம். மைக் உங்களிடம் வரும்.